கடைசல் பட்டறையும் கற்றோர் அவையும்

கற்றவர் யார் என்னும் வினாவுக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு. பட்டம் பெற்றவர், நூல் எழுதியவர், அவையில் அஞ்சாது பேசுபவர் என்று அவ்விடை விரியும். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒருவரை அவ்வரிசையில் அமர்த்த நம் மனம் எளிதில் இசைவதில்லை. இக்குறை பிறரிடம் மட்டுமே உள்ளது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. என்னிடமே அது நெடுங்காலம் இருந்தது. அதனை ஒப்புக்கொண்டு தொடங்குவதே இக்கட்டுரைக்கு நேர்மையாகும்.

என் தமையனார் கடைசல் தொழிலாளி. வீட்டின் பின்கட்டில், தகரக் கூரையின்கீழ், ஒரு பழைய லேத்; ஒரு துளையிடும் எந்திரம்; ஒரு வைஸ்; பலகை நிறைய அரங்களும் உளிகளும். இவையே அவருடைய உலகம். எங்கள் தங்கைக்கு மணம் பேச வந்தவர்கள், "அண்ணன் என்ன செய்கிறார்கள்?" என்று வினவினார்கள். "சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள்" என்று கூறிவிட்டு நான் அடுத்த பேச்சுக்குத் தாவினேன். பின்கட்டில் கேட்டுக்கொண்டிருந்த அரத்தின் ஓசை அப்போது நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அவருடைய லேத் ஈட்டிய பணத்தில்தான் நான் முதுகலையும் பிறகு ஆய்வியல் நிறைஞர் பட்டமும் முடித்தேன். ஆயினும் அப்பின்கட்டில் நிகழ்வதும் ஒருவகைக் கல்வியே என்பதை உணர எனக்கு ஒரு சிறு அலுமினியத் துண்டு தேவைப்பட்டது.

பொறியின் மூச்சு

உந்துவண்டியின் பொறி பெட்ரோலை உண்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது மிகுதியாக உட்கொள்வது காற்றையே. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சுப் பொறியில், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிக் காற்றை உள்ளிழுக்கக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் உருளை நிறையும் அளவு காற்று ஒரு சிறு குழலின் வழியே புகுந்தாக வேண்டும். கார்புரேட்டருக்கும் பொறியின் வாய்க்கும் இடையே நிற்கும் அக்குழலைப் புத்தகத் தமிழில் 'உள்ளிழுப்புக் குழல்' எனலாம். என் தமையனார் 'மூச்சுக்குழாய்' என்றே சொல்வார்.

அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் தேய்ந்துபோயிற்று. அதே வகை கிடைக்கவில்லை. கிடைத்த வேறொன்றின் வாய் 28 மில்லிமீட்டர். பொறியின் வாயோ 25 மில்லிமீட்டர். திருகாணித் துளைகளின் இடைவெளியும் பொருந்தவில்லை. கடையில் வாங்க முடியாத ஒரு பொருளைத் தாமே ஆக்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கோடை விடுமுறையாதலால் நான் அருகில் அமர்ந்து முதன்முறையாக அவர் வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை கண்டேன்.

ஓர் உருண்டை அலுமினியக் கட்டையை லேத்தில் பிடித்தார். அது நடுப்புள்ளியில் சுற்றுகிறதா என்று பார்க்கவே கால்மணி நேரம் செலவிட்டார். உட்புறத்தை 28இலிருந்து 25 வரை சீராகக் குறுகும்படி குடைந்தார். அறுபது மில்லிமீட்டர் நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் குறுக வேண்டுமாயின் உளி நகரும் சாய்வு ஒன்றரை டிகிரிக்கும் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். இக்கணக்கை அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் போட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் முக்கோணவியலை நடைமுறையில் கையாளுவதை அதே தரையில் அமர்ந்து நான் பார்த்தேன். அலுமினியம் உளியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனைத் தடுக்க இடையிடையே மண்ணெண்ணெய் விட்டார். "தம்பி, உள்ளே ஒரு படி இருந்தாலும் காத்து இடறும். ஆளு வாசப்படியில இடறுற மாதிரிதான்" என்றார். குழலினுள் ஓடும் காற்றின் இயல்பை இதனினும் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

முதல் துண்டு தோற்றது. வண்டியைக் கிளப்பியதும் பொறி கட்டுக்கடங்காமல் இரைந்தது. முறுக்கைக் குறைத்தாலும் வேகம் தணியவில்லை. எங்கோ காற்றுக் கசிகிறது என்றார். கசிவின் வழியே மிகைக் காற்றுப் புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும்; பொறி அளவுக்கு மேல் சூடேறும்; நாளடைவில் பிஸ்டனே பழுதாகும். இணைப்பின் ஓரத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் எண்ணெய் பட்டதும் பொறியின் ஓசை மாறியது. அங்கேதான் குறை. ஒருமுறை கழற்றிய கட்டையை மீண்டும் லேத்தில் பிடித்தபோது அது மயிரிழை சாய்ந்திருந்தது. ஆகவே முகப்பு மட்டமாக அமையவில்லை. யாரும் காணாத அக்குறையை மறைக்கப் பசை தடவியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒரு தடித்த கண்ணாடிப் பலகையின்மீது எமரித் தாளை விரித்து, எட்டு எழுதுவதுபோல் அம்முகப்பை ஒருமணி நேரம் தேய்த்தார். பிறகு நீல மை தடவி, எங்கெல்லாம் மை பதியவில்லை என்று பார்த்து, மீண்டும் தேய்த்தார். மறுநாள் பொறி அமைதியாக மூச்சுவிட்டது.

என் ஆய்வேட்டில் இருந்த இரண்டு ஐயங்களை நான் இனிய சொற்களால் மூடி மறைத்தது அப்போது என் நினைவுக்கு வந்தது.

ஒரு சமையலறையும் ஒரு மிதிவண்டிக் கடையும்

வீட்டுப் பட்டறையைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். 1893ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மின்விளக்கு நிறுவனத்தின் பொறியாளர் தம் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு சிறு பொறியைத் தூக்கிவந்தார். உருளைக்கு எரிவாயுக் குழாய்த் துண்டு. சமனுருளைக்குப் பழைய லேத்தின் கைச்சக்கரம். பாத்திரம் கழுவும் தொட்டியோடு அதனை இறுகப் பிணைத்தார். மின்விளக்குக் கம்பியிலிருந்து தீப்பொறிக்கு வழி செய்தார். பொறிக்குக் கார்புரேட்டர் இல்லை. மறுநாள் பண்டிகைக்குச் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கிளாரா, காற்றுப் புகும் வாயில் பெட்ரோலைக் கையால் துளித்துளியாக விட்டார். அடுத்த அறையில் ஏழு வார மகவு உறங்கிக்கொண்டிருந்தது. பொறி ஓடியது. அப்பொறியாளரே ஹென்றி ஃபோர்டு. உலகறிந்த அத்தொழில் ஒரு குடும்பத்தலைவியின் கையையே முதல் கார்புரேட்டராகக் கொண்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பத்தாண்டு கழித்து டேட்டன் நகரில் நடந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ரைட் சகோதரர்கள் தம் பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த பொறி வேண்டிப் பல தயாரிப்பாளர்களுக்கு எழுதினார்கள். பொருத்தமானது எங்கும் கிடைக்கவில்லை. அவர்களுடைய மிதிவண்டிக் கடையில் பணிபுரிந்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளி, ஒரு லேத், ஒரு துளையிடும் எந்திரம், சில கைக்கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு ஆறே வாரங்களில் அப்பொறியைச் செய்து முடித்தார். முறையான வரைபடம் இல்லை; காகிதத் துண்டில் வரைந்த குறிப்புகள் பணிமேசைக்கு மேலே குத்தி வைக்கப்பட்டிருந்தன. வளைதண்டுக்காக ஏறத்தாழ 100 பவுண்டு எடையுள்ள எஃகுப் பலகையை எடுத்து, அதன் ஓரம் நெடுகத் துளையிட்டு, உளியால் வெட்டிக் களைந்து, லேத்தில் கடைந்து 19 பவுண்டாக்கினார்.

அப்பொறியின் மூச்சுவழியும் எளிமையின் எல்லை. இறக்கைத் தண்டில் தொங்கிய சிறு கலத்திலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி, உருளைகளை ஒட்டிய ஆழமற்ற அறையொன்றில் விழும். உருளைகளின் வெப்பம் அதனை ஆவியாக்கும். காற்று அதனோடு கலந்து உட்புகும். உள்ளிழுப்பு வால்வுகளைத் திறக்கத் தனி அமைப்பு இல்லை. பிஸ்டனின் இழுப்பே அவற்றைத் திறந்தது. 1903 பிப்ரவரியில் நடந்த சோதனையில் பொறியின் அலுமினியக் கூடு உடைந்தது. மீண்டும் வார்த்து மீண்டும் கடைந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஏறத்தாழ 12 குதிரைத் திறனுடைய அப்பொறி மனிதனை வானில் ஏற்றியது.

அச்சகோதரர் இருவர் பெயரையும் நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். டெய்லரை எத்துணைப் பேர் அறிவோம்? அவர் 1956இல் வறுமையில் மறைந்தார். அவர் பிறந்த மே 24ஆம் நாள் இன்று அமெரிக்காவில் வானூர்திப் பராமரிப்புத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. காலம் கடந்தேனும் அந்நாடு தன் கடனை உணர்ந்தது. நாம் இன்னும் உணரவில்லை என்பதே என் வருத்தம்.

செய்து பாராத அறிவு

நியூசிலாந்தின் தென்கோடி நகரான இன்வர்கார்கில்லில் வாழ்ந்த பர்ட் மன்றோ 1920இல் ஓர் 'இந்தியன் ஸ்கவுட்' மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 மைல். அவ்வொரே வண்டியைத் தம் கொட்டகையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அராவியும் கடைந்தும் வார்த்தும் திருத்திக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். 1967இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். கணக்கில் நேர்ந்திருந்த பிழை 2014இல் திருத்தப்பட்டு அது 184.087 மைல் என்று பதிவாயிற்று. என்னை மிகவும் கவர்ந்தது அவ்வேகம் அன்று. உடைந்த பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் அவர் எறியவில்லை. அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தம் பிழைகளை இப்படிக் காட்சிக்கு வைக்கும் துணிவு நம்மில் எத்தனை பேராசிரியர்களுக்கு உண்டு?

இம்மனப்பாங்கு மேலைநாட்டுக்கே உரியது என்றும் எண்ண வேண்டா. தியார்பக்கிர் அரசவையில் பணிபுரிந்த அல்-ஜஸரீ, நுண்பொறிகளைப் பற்றிய தம் அரபு நூலை 1206இல் நிறைவு செய்தார். அதில் அவர் விளக்கும் நீரேற்று எந்திரத்தில் எதிரெதிரே இரு செப்பு உருளைகள், உள்ளே பிஸ்டன்கள், நீரை உறிஞ்சும் குழல்கள், திரும்பிச் செல்லாமல் தடுக்கும் வால்வுகள். இன்றைய பொறியின் மூச்சுவழி அமைப்பை அறிந்தார்க்கு இவ்வுறுப்புகள் பழகிய முகங்களாகவே தோன்றும். செய்து சரிபார்க்கப்படாத தொழிலறிவு மெய்யா பொய்யா என்ற ஐயத்திலேயே நிற்கும் என்பது அவர்தம் கருத்து. அவர் அறிஞரா, தொழிலாளரா என்று பிரித்துக் கேட்பதே பிழை. இரண்டும் ஒருவரே.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவும் அவ்வாறே. பள்ளிக் கல்வியை முடிக்காத அவர், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மீண்டும் பூட்டியே பொறியியலைக் கற்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவரும் அவரே.

பட்டறைத் தமிழ்

இனி, இது தமிழ்த்துறை மலருக்கு உரிய பொருள்தானா என்று கேட்பார்க்கு என் விடை இது. தமிழ்த்துறைக்கே இதில் பெருங்கடமை உண்டு.

'கடைதல்' என்னும் சொல்லை எண்ணுக. தயிரைக் கடைகிறோம், மரத்தையும் உலோகத்தையும் கடைகிறோம், பழந்தமிழர் தீயையும் கடைந்தனர், அதற்குரிய கருவி தீக்கடைகோல். மத்தும் கோலும் லேத்தும் சுழற்சி என்னும் ஒரே தொழிலின் மூன்று வடிவங்கள் என்பதை நம் மொழி எப்போதோ கண்டுகொண்டது. பட்டறையில் இன்றும் வழங்கும் சொற்கள் எத்துணை! அரத்தால் தேய்ப்பது அராவுதல். வெட்டிய விளிம்பில் நீட்டி நிற்பது பிசிறு. திருகாணியின் புரி மரை. இரும்பைச் சூடேற்றிப் பதம் செய்வது துவைச்சல். உலோகங்களை ஒட்டுவிக்கும் பொடி பற்றாசு. உருக்கி ஊற்றி எடுப்பது வார்ப்படம். கூர் ஏற்றுவது சாணை பிடித்தல். 'மரை கழன்றவன்' என்று நாம் கேலி பேசும்போது பட்டறைச் சொல்லையே ஆளுகிறோம்.

நாமோ கலைச்சொல்லாக்கத்துக்கு அறைக்குள் அமர்ந்து அகராதி புரட்டுகிறோம். பத்து எழுத்தில் ஒரு சொல்லை ஆக்கி, அதனை யாரும் வழங்கவில்லையே என்று வருந்துகிறோம். 'மூச்சுக்குழாய்' என்று ஒரு தொழிலாளி இயல்பாகச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு நேரமில்லை. கார்புரேட்டர், பிஸ்டன் முதலிய சொற்களை அவர்கள் அப்படியே வழங்குகிறார்கள் என்பதும் உண்மை. பொருளுக்கு எச்சொல் வாய்த்ததோ அதனைக் கையாண்டு, செயலுக்கு மட்டும் தம் மொழியைத் தவறாமல் பயன்படுத்துகிறார்கள். பிஸ்டன் அயற்சொல்லாகலாம், அதனை அராவுவதும் மட்டம் பார்ப்பதும் பிசிறு எடுப்பதும் தமிழிலேயே நிகழ்கின்றன. இம்முறை நம் கலைச்சொல் அறிஞர்கள் கருதற்பாலது.

எதிர்ப்பும் விடையும்

இதற்கு எழக்கூடிய தடைகளையும் நான் அறிவேன். முதலாவது, வண்டியின் அமைப்பை அவரவர் விருப்பம்போல் மாற்றலாமா என்பது. கூடாது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. புகையும் இரைச்சலும் பிறர் உடல்நலத்தைத் தாக்குவன. தெருவை அதிரவைக்கும் இளைஞர்க்காக நான் வாதாடவில்லை. தேய்ந்ததைச் செப்பம் செய்து, குறைந்த பெட்ரோலில் தூய்மையாக எரியச் செய்யும் கைக்காகவே பேசுகிறேன். சுழலும் எந்திரத்தின் முன் தளர்ந்த உடையோடும் கண்ணாடி அணியாமலும் நிற்பது அறியாமை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது தடை வலிமையானது. கார்புரேட்டரின் காலம் முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளில் மின்னணு முறை எரிபொருள் தெளிப்பே இடம்பெற்றது. மின்வண்டிக்கோ மூச்சே தேவையில்லை. பிறகு இக்கலை எதற்கு? நானும் இவ்வாறு கேட்டேன். தமையனார் சிரித்தார். "மூச்சுக்குழாய் போகட்டும் தம்பி. அளவு போகுமா? மட்டம் போகுமா?" என்றார். ஆம், பொருள் மாறலாம். சரியாக அளப்பதும், அளந்ததை மறைக்காமல் சொல்வதும், தவறினால் மீண்டும் தொடங்குவதும் மாறா. கணினி இயக்கும் கடைசல் எந்திரங்களுக்கு முன்னால் நிற்பவருக்கும் உலோகத்தின் இயல்பு கையில் பதிந்திருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆகவே மூன்று கருத்துகளை இம்மலரின் வாயிலாக முன்வைக்கிறேன். ஒன்று: நம் துறையின் மாணவர் திட்டக் கட்டுரைகளுள் ஆண்டுக்குச் சிலவேனும் பட்டறை, உலை, தறி, படகுத்துறை ஆகியவற்றின் சொற்களைத் திரட்டும் களப்பணியாக அமைதல் வேண்டும். இரண்டு: நம் இலக்கிய மன்றத்தில் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு கைத்தொழிலாளரை அழைத்து, தம் தொழிலைத் தம் மொழியில் பேசச் செய்து, நாம் கீழே அமர்ந்து கேட்டல் வேண்டும். மூன்று: அடுத்த தலைமுறையினர் தம் தந்தையின் தொழிலையும் தமையனின் தொழிலையும் பெயர் சொல்லிக் கூறும் துணிவை வகுப்பறையிலேயே நாம் ஊட்டுதல் வேண்டும். மூன்றாவதே மிகக் கடினமானது. அதனை ஆசிரியராகிய நாம் நம் வீட்டிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

என் தமையனாருக்கு இப்போது பார்வை மங்கிவருகிறது. வெர்னியரின் நுண்கோடுகளைப் படிக்க என்னை அழைக்கிறார். லேத்தை எடைக்குக் கேட்டு இருவர் வந்து சென்றுள்ளனர். அது விலைபோனால் போகட்டும். வேறு லேத் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் நாவில் உள்ள சொற்களும் கையில் உள்ள அளவும் அவரோடு போய்விட்டால் எக்கடையிலும் வாங்க இயலாது. இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவர் அருகில் அமர்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்துள்ளன. இதைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவர் வீட்டருகிலும் இத்தகைய ஒருவர் இருப்பார். காலம் தாழ்த்தாமல் குறிப்பேட்டோடு அவரிடம் செல்க.